பெயரிங்கைப் புதிதாக வாங்குங்கள்

வணக்கம் நேயர்களே. போன மாதம் வேறு அலுவலாக நிலையத்துக்கு வந்திருந்தேன். வெளியே என் வாகனத்தின் பின்னால் கொளுவியிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அறிவிப்பாளர் தம்பி, "அண்ணை, இது என்ன சாமான்?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் கழித்து அவர், "இதை மைக்குக்கு முன்னால் சொல்லுங்கோ, ஆனால் பத்து நிமிசம்தான்" என்றார். சரி, பார்ப்போம்.

ஊரில் லேண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், இழுக்கிற பெட்டி பார்த்திருப்பீர்கள்தானே? ஓர் அச்சு, இரண்டு சில்லு, மேலே பெட்டி, முன்னால் இழுகம்பி. நெல் மூட்டையும் ஏற்றுவோம், கோயில் திருவிழாவுக்குச் சனத்தையும் ஏற்றுவோம். என்னுடையதும் அதே பெட்டிதான், இங்கே ட்ரெயிலர் என்பார்கள். மேலே மடித்து விரிக்கிற கூடாரம், பின்கதவைத் திறந்தால் அடுப்பு, பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. அவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தார் போடாத வீதிகளில் இழுத்துக்கொண்டு போய், ஒருவரும் இல்லாத இடத்தில் படுத்தெழும்பலாம். இங்கே அவுஸ்திரேலியாவில் இப்படியொன்றைக் கடையில் புதிதாக வாங்கினால் இருபதாயிரம் டொலரைத் தாண்டுவது சாதாரணம். பழைய சாமான்களை வைத்து நானே செய்ததில் எனக்கு எல்லாம் சேர்த்து 3,400 டொலர் முடிந்தது. மனைவியின் கணக்கில் அதைவிடக் கூட. அது வேறு கதை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. பொருளாதாரத் தடைக்குள்ளே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. எதையும் எறிந்து பழக்கமில்லை. மெல்பனுக்கு வந்த புதிதில், ஆட்கள் நல்ல சாமான்களை வீட்டு வாசலில் வைத்துவிட்டு நகரசபை லொறி வரட்டும் என்று இருப்பதைப் பார்த்து எனக்கு நித்திரை வரவில்லை. என் ட்ரெயிலரின் அலுமினியப் பெட்டி அப்படி ஒரு வாசலில் கிடந்ததுதான்.

ஆனால் எல்லாவற்றையும் பழசாக வாங்கலாம் என்று நினைத்தால் நடுவீதியில் நிற்க வேண்டிவரும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இரும்பைப் பழசாக வாங்குங்கள், பெட்டியை, கூடாரத்தை, அடுப்பைப் பழசாக வாங்குங்கள். சுழல்கிறதையும் பிடித்து வைத்திருக்கிறதையும் புதிதாக வாங்குங்கள். சுழல்கிறது என்றால் டயர், பிறகு பெயரிங், அதாவது சில்லு அச்சில் உராயாமல் சுற்றுவதற்காக நடுவில் இருக்கிற உருளை வளையம். பிடித்து வைத்திருக்கிறது என்றால் வாகனத்தோடு இணைக்கிற கொளுவியும் பாதுகாப்புச் சங்கிலியும்.

டயரைப் பற்றி ஒரு சின்ன வேலை தருகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் காரடிக்குப் போங்கள். டயரின் பக்கச்சுவரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால், 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய ட்ரெயிலர் டயர்களில் பூ தேயாமல் புதுசு மாதிரியே இருக்கும். வருடத்துக்கு நாலு தரம்தானே ஓடியிருக்கும்! ஆனால் ரப்பர் வெயிலில் நின்று நின்று வெடிப்பு விட்டிருக்கும். பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள்.

இனி பெயரிங். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

350 டொலருக்கு ஒரு பழைய ஆறுக்கு நாலடிப் பெட்டி ட்ரெயிலர் வாங்கினேன். அடியில் நல்ல இரும்பு, மேலோட்டமான கறல்தான். அச்சின் இரண்டு முனையையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். பெயரிங் பளபளவென்று இருந்தது. விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. இதை எறிவதா? எறியவில்லை. புதுக் கிறீஸ் அடைத்து அப்படியே பூட்டினேன். கிறீஸ் வெளியே வராமலும் தூசி உள்ளே போகாமலும் தடுக்கிற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் தெரிந்தது, அதையும் மாற்றவில்லை. புதிதாக வாங்கியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுபது டொலர்கூட வராது. மிச்சம் பிடித்தேனாம்!

முதல் பயணம் முங்கோவுக்கு. மெல்பனிலிருந்து மில்தூரா, அங்கிருந்து வடகிழக்கே இன்னும் 110 கிலோமீற்றர் அளவு. நாற்பதாயிரம் வருடங்களுக்கு முந்திய மனித எலும்புகள் கிடைத்த வறண்ட ஏரி அது. அந்த இடத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், இன்றைக்கு வீதிதான் முக்கியம். மண்வீதி. வாகனங்கள் ஓடி ஓடி, கூரைத் தகரம் போல வரிவரியாக மடிப்பு விழுந்திருக்கும். அதில் போனால் பல்லும் ஆடும், ஆணியும் ஆடும். பெட்டிக்குள் இருந்த ஜிஞ்சர் பியர் தகரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து உராய்ந்தே ஓட்டை விழுந்து, பருப்பு, தேயிலை, மகளின் சப்பாத்து எல்லாம் சீனிப்பாகில் ஊறிக் கிடந்தன.

தேநீர் குடிக்க நிறுத்தினோம். நிறுத்தும்போதெல்லாம் சில்லின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. இடப்பக்கம் இளஞ்சூடு. வலப்பக்கம் கையை வைத்த கணத்திலேயே எடுத்துவிட்டேன். ஜாக்கி வைத்துக் கழற்றினால், ரப்பர் வளையம் கிழிந்து, கிறீஸ் செம்மண்ணோடு குழைந்து பற்பசை மாதிரி இருக்கிறது. பெயரிங்கின் உருளைகள் நீலம் பாரித்துவிட்டன. இரும்பு அப்படி நீலமானால் அது செத்துவிட்டது.

மாற்றுப் பெயரிங் என்னிடம் இல்லை. தொலைபேசியில் சிக்னலும் இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு வயதான பண்ணைக்காரர் வந்து நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார், தன் வாகனத்தின் பின்பெட்டியில் கையை விட்டு ஒரு தகரப்பேணியை எடுத்தார். உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய பெயரிங், ரப்பர் வளையம், கடையாணி. அளவெடுத்தது போலப் பொருந்தியது. அதிசயமில்லை. இந்த நாட்டில் சின்ன ட்ரெயிலர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே வகைப் பெயரிங்தான். பழைய ஹோல்டன் காருடையது ஒன்று, ஃபோர்ட் காருடையது மற்றது. அந்தக் கார்கள் செத்துவிட்டன, பெயரிங் அளவு மட்டும் வாழ்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எங்கோ கிடைத்த விசித்திரமான அச்சு மலிவு என்று வாங்காதீர்கள். எல்லாரிடமும் இருப்பதை வாங்குங்கள்.

பூட்டுவதையும் அவர்தான் காட்டித் தந்தார். சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். சுற்று இறுகுவது கைக்குத் தெரிந்ததும் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்தி, ஓட்டை நேராக வருகிற இடத்தில் கடையாணியைக் குத்தி மடிக்க வேண்டும். இறுக்கமும் கூடாது, ஆட்டமும் கூடாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பாட்டி சொன்னபோது நான் தேரைத்தான் நினைத்தேன். பண்ணைக்காரர் காசு வாங்கவில்லை. அடுத்த முறை யாராவது நின்றால் கொடு என்றார். இப்போது என்னிடமும் ஒரு தகரப்பேணி இருக்கிறது.

நேரம் ஓடுகிறது. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் குலுக்கத்தைத் தாங்குகிற வில்லுத்தகடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய லொறியின் வில் கிடைத்தது, பலமாக இருக்கும் என்று நான் அதைத்தான் முதலில் போட்டேன். ஒன்றரைத் தொன்னுக்குச் செய்த வில், அறுநூறு கிலோவுக்கு வளையவே வளையாது. ட்ரெயிலர் முயல் மாதிரித் துள்ளும். பலம் கூடினால் நல்லது என்பது இங்கே பிழை, பாரத்துக்கு ஏற்ற வில்தான் நல்லது.

சில்லைப் பொறுத்தவரை, சில்லைப் பூட்டுகிற ஆணிகளில் இழுக்கிற வாகனத்தின் அதே அமைப்பை ட்ரெயிலருக்கும் வையுங்கள். என்னுடைய ஹைலக்ஸுக்கு ஆறு ஆணி, ட்ரெயிலருக்கும் ஆறு ஆணி. ஒரே மாற்றுச் சில்லு இரண்டுக்கும் உதவும்.

பாரம் முக்கியம். மொத்தம் 750 கிலோவுக்குள் நின்றால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் தேவையில்லை, அதற்கு மேலே போனால் கட்டாயம். தண்ணீர் அறுபது லீற்றர் என்றால் அறுபது கிலோ, அதையும் சேர்த்து எண்ணுங்கள். நிறுவை மேடைக்குக் கொண்டுபோய் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள். நான் 610 இருக்கும் என்று நினைத்தேன், 705 காட்டியது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்னால் கொளுவியில் அழுத்த வேண்டும். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் முன்சில்லு என்ன ஆட்டம் ஆடும்? பாரம் பின்னுக்கிருந்தால் ட்ரெயிலரும் அப்படித்தான் வாலாட்டும், நெடுஞ்சாலையில் வாகனத்தையே புரட்டிவிடும்.

தம்பி கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டுகிறார். மின்சாரம், பற்றறி பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது போகட்டும். ஒட்டு வேலை, அதாவது வெல்டிங், பற்றி மட்டும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பூச்சை உரசி எடுக்காமல் ஒட்டாதீர்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே மலேரியா மாதிரிக் குளிர்காய்ச்சல் வரும், எனக்கு வந்தது. இழுகம்பியை நான் ஒட்டவில்லை. தொழில் தெரிந்தவருக்குக் காசு கொடுத்துத்தான் செய்வித்தேன். பதிவு விஷயத்தில், 2021 யூலையில் மத்திய சட்டம் மாறியது. அடியிலிருந்து புதிதாக ஒன்று செய்தால், அது ஒன்றேயொன்றாக இருந்தாலும் மத்திய அனுமதி எடுக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான பழைய ட்ரெயிலரை வாங்கித் திருத்துவது தலையிடி குறைவு.

கூடாரம்... ஒரு விரல் ஆகிவிட்டது. முதல் இரவை உங்கள் பின்வளவிலேயே படுங்கள், மழை பெய்கிற நாளாகப் பார்த்து. எங்கே ஒழுகுகிறது என்று தெரியும், வீட்டுக்குள் ஓடவும் வசதி. வணக்கம்.