வைஃபை வராத லேப்டாப்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்து வீடுகளில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்புகள் இன்னும் இருக்கின்றன. வேகம் குறைந்துபோனதால் பிள்ளைகள் அதில் புதிதாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் போட்டு முடித்ததும் சிலருக்கு வைஃபை வருவதில்லை. "கார்டு போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள். கார்டு நன்றாகவே இருக்கலாம்; அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பு இல்லாததே காரணமாக இருக்கலாம்.

வைஃபை சிப்புக்குள் ஒரு குட்டி பிராசஸர் உண்டு. அது ஓடுவதற்கான நிரல்தான் ஃபர்ம்வேர். பல சிப்புகளில் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடம் கிடையாது. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைப் புதிதாக ஏற்றியாக வேண்டும். சிப்பை இயக்கும் நிரலான டிரைவர், கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும். கெர்னல், லிப் என்ற அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவில் தேடி எடுத்துக் கொடுக்கும். முன்பு இந்த வேலையை யூடெவ் என்ற தனி நிரல் செய்தது. 2012-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து கெர்னலே நேராகப் படிக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை ஹார்டு டிஸ்க் திறப்பதற்கு முன்பே ஃபர்ம்வேரைக் கேட்டுவிடும். அதற்காகவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பு கெர்னலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏறுகிறது. அவசர ஃபர்ம்வேர் அதில் இருக்கும்.

பிறகு ஏன் கோப்பு இல்லாமல் போகிறது? பெரும்பாலான ஃபர்ம்வேருக்குத் தயாரிப்பாளர்கள் மூலநிரல் தருவதில்லை. மூலநிரலை யாரும் பார்த்து மாற்றலாம் என்ற கட்டற்ற மென்பொருள் கொள்கைப்படி, டெபியன் என்ற லினக்ஸ் வகை அவற்றை வெகுகாலம் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். கொள்கை பெரிதுதான்; ஆனால் நெட் இல்லாமல் திணறும் மாணவிக்கு இது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் என்ன குறை என்று கெர்னலே சொல்லும். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எஸ், யூ, டி, ஓ, இடைவெளி விட்டு டி, எம், ஈ, எஸ், ஜி என்று தட்டுங்கள். ஃபர்ம்வேர் என்ற சொல்லோடு மைனஸ் 2 என்று முடியும் வரியைத் தேடுங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். வேண்டிய கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும். அப்புறம் போனைக் கேபிளில் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போட்டு, அந்தக் கோப்பு உள்ள ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த வரி மறுபடியும் வராவிட்டால் கோப்பு ஏறிவிட்டது. அதன் பிறகும் வைஃபை வரவில்லையென்றால், அப்போது கார்டைச் சந்தேகப்படலாம்.

வணக்கம்.