மறுபடி பார்க்க வேண்டிய தேதி

அவையில் கூடியிருக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும், பின்வரிசையில் விளையாட்டுச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

என் கையில் இருப்பது ஒரு பழைய குறிப்பேடு. இளையோர் கால்பந்துத் தேர்வுகளுக்குப் போகும்போதெல்லாம் வைத்திருந்தது. இதில் ஒரு பக்கத்தில், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் சட்டை எண்ணுக்கு எதிரே மூன்று சொற்கள் எழுதியிருக்கிறேன்: ‘உடல்வலு போதாது. வேண்டாம்.’ அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அன்று அவனுக்குக் கொடுத்த சட்டை முழங்கால்வரை தொங்கியது. நடுக்களத்தில் நின்றான். பந்து தன்னிடம் வருவதற்குள் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வான். பந்து காலுக்கு வரும்போது அதை யாரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரே தொடுதல்; பந்து போய்விடும். 20 நிமிடத்தில் நான்கு முறை அப்படிச் செய்தான். ஐந்தாம் முறை, அவனைவிட ஒரு தலை உயரமான பையன் தோளால் மோதினான். இவன் சுருண்டு விழுந்தான். முதல் நான்கு முறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதியது ஐந்தாம் முறையை.

பட்டியலை ஒட்டிய பிறகு அவனுடைய அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. “சார், இவன் டிசம்பர் 28-ல் பிறந்தவன். இன்னும் நான்கு நாள் கழித்துப் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளோடு ஆடியிருப்பான், இல்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா நடத்தும் இளையோர் போட்டிகளில் வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தவனும் தாளில் ஒரே வயதுக்காரர்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அந்த இடைவெளி, அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் வேகமாக ஓடுகிறான், பலமாக உதைக்கிறான், அணியில் இடம்பிடிக்கிறான். இடம் கிடைத்ததால் நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்கே வந்து சேர்கின்றன. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அவன் உண்மையாகவே மேலான ஆட்டக்காரனாகிவிடுகிறான். நாமும் ‘அன்றே சரியாகக் கண்டுபிடித்தோம்’ என்று மகிழ்ந்துபோகிறோம். எந்த நாட்டு 17 வயதுக்குட்பட்டோர் அணியின் பட்டியலை எடுத்தாலும் பிறந்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கூட்டம் நெரியும். கடைசி மூன்று மாதங்களில் ஆள் குறைவாக இருக்கும். ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். கடவுள் ஜனவரிப் பிள்ளைகளுக்கு மட்டும் கால்பந்தைக் கொடுக்கவில்லை.

பிறந்த தேதி பாதிக் கதைதான். மீதிப் பாதி உடல். ஆண்பிள்ளைகள் பொதுவாக 14 வயதை ஒட்டியும் பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ‘பொதுவாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிலருக்கு அது முன்னதாகவே வந்துவிடும். சிலருக்கு 16 வயதில்தான் வரும். ஒரே வகுப்பில், ஒரே அணியில் இருக்கும் இரண்டு சிறுவர்களின் எலும்பு வளர்ச்சியில் நான்கு ஐந்து ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். தேர்வு நாளில் நாம் ஒரு சிறுவனையும் ஓர் இளைஞனையும் ஒரே களத்தில் மோதவிட்டு, விழுந்தவனை வீட்டுக்கு அனுப்புகிறோம். பெல்ஜியம் இதைக் கவனித்து, தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் தேசிய அணிகளை வைத்தது. அந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களோடு அந்தப் பிள்ளையும் வெளிநாட்டு அணியை எதிர்த்து ஆடுகிறான். என்னைக் கேட்டால், இளையோர் கால்பந்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு அதிகம் இல்லை.

இன்னொரு அநியாயம் பலர் கண்ணில் படாமலே பல ஆண்டுகள் நடந்தது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நெடுங்காலம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. 2017 போட்டிக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் தகுதி பெற்றார்கள். அடுத்தது 2019, அதற்கு 2002-ல் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் 2001-ல் பிறந்தவர்கள்? ஒரு வயது மூத்தவர்களோடு போட்டியிட்டு 2017-லேயே இடம்பிடிக்க வேண்டும், தவறினால் அவ்வளவுதான். இந்தியா அந்த 2017 போட்டியை நடத்தியது. டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக, 82-வது நிமிடம், சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் கிக்கைத் தலையால் முட்டி, ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் ஜீக்சன் சிங். அரங்கம் கூவி ஓய்வதற்குள் கொலம்பியா மறுபடி கோல் அடித்து 2-1 என்று வென்றது வேறு கதை. ஜீக்சன் பிறந்தது 2001 ஜூனில். அந்த முறை அவரை எடுத்திருக்காவிட்டால் அந்த வயதுக்கான உலகக் கோப்பையே அவருக்கு இல்லை. 2025 முதல் இந்தப் போட்டி 48 அணிகளோடு ஆண்டுதோறும் நடக்கிறது. ஆட்டங்கள் மிகுந்துவிட்டன என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. ஒவ்வோர் ஆண்டில் பிறந்த பிள்ளைக்கும் இப்போது தனக்கென்று ஒரு வாசல் இருக்கிறது.

மெஸ்ஸியைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்குச் சிறுவயதில் சிகிச்சை பெற்றவர். ஸ்பெயினில் வளர்ந்த அந்தப் பையனை ஸ்பெயின் இழுத்துக்கொள்ளப் பார்த்தபோது, அர்ஜென்டினா 2004-ல் பராகுவேக்கு எதிராக ஒரு 20 வயதுக்குட்பட்டோர் நட்பு ஆட்டத்தை ஏற்பாடு செய்து அவரைத் தன் சட்டையில் களமிறக்கியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. அதில் ஆடியவர்களில் மூத்தவர்கள் 1985 ஜனவரியில் பிறந்தவர்கள். மெஸ்ஸி 1987 ஜூனில். போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 18 வயது நிறைந்தது. கோப்பையை வென்று, அதிக கோல் அடித்தவராகவும் சிறந்த ஆட்டக்காரராகவும் திரும்பினார். அவரைப் பார்த்து என் போன்ற ஒருவர் ‘உடல்வலு போதாது’ என்று எழுதியிருந்தால்? எழுதியிருப்போம், நண்பர்களே. நம்மில் பலர் எழுதியிருப்போம்.

சரி, இளையோர் தேசிய அணி எதற்காக? கோப்பைக்காக என்றால் கணக்கு உதைக்கிறது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா ஐந்து முறை வென்றிருக்கிறது. 2015-ல் அந்த அணிக்காக 10 கோல் அடித்த விக்டர் ஒசிமென் இன்று உலகம் அறிந்த முன்கள வீரர். ஆனாலும் நைஜீரியாவின் மூத்தோர் அணி உலகக் கோப்பையில் கடைசி 16 அணிகளைத் தாண்டியதில்லை. 1974-ல் ஆசிய இளையோர் கோப்பையை இந்தியா ஈரானோடு பகிர்ந்துகொண்டது. அதன் பிறகு இரு நாடுகளும் போன பாதையை நீங்கள் அறிவீர்கள்: ஈரான் பலமுறை மூத்தோர் உலகக் கோப்பையில் ஆடிவிட்டது, இந்தியா ஒருமுறைகூட ஆடியதில்லை. கோப்பை வென்ற பிள்ளைகள் மறுநாள் எங்கே பயிற்சிக்குப் போகிறார்கள், வாரம் எத்தனை ஆட்டம் ஆடுகிறார்கள், 18-லிருந்து 21 வயதுவரை யார் அவர்களைக் களமிறக்குகிறார்கள் என்பதற்கு எந்தக் கோப்பையும் பதில் சொல்வதில்லை.

ஜெர்மனி இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. 2000 ஐரோப்பியக் கோப்பையில் ஒரே ஒரு புள்ளியோடு பிரிவின் கடைசி இடத்தில் முடித்தார்கள். அதன்பின் தொழில்முறை கிளப்புகள் இளையோர் அகாடமி நடத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான பயிற்சி மையங்களைத் திறந்து, பெரிய கிளப்புகளின் கண்ணில் படாத பிள்ளைகளையும் தேடிப் போனார்கள். 2009-ல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 4-0 என்று வென்ற அணியில் நோயர், ஹும்மல்ஸ், போவாடெங், ஹோவேடெஸ், கெதிரா, ஓசில் இருந்தார்கள். இந்த ஆறு பேரும் 2014-ல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி அணியில் இருந்தவர்கள். விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே 14 ஆண்டுகள்.

எனக்கு இதைவிட நெருக்கமான கதை அர்ஜென்டினாவில் நடந்தது. ஹோசே பெக்கெர்மன் முழங்கால் காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். குடும்பத்துக்காக டாக்ஸி ஓட்டியவர். 1994-ல் இளையோர் தேசிய அணிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1995, 1997, 2001 என மூன்று முறை 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை வென்றார். 1997-ல் மலேசியாவில் வென்ற அணியில் ரிகெல்மே, ஐமார், கம்பியாஸோ போன்ற வித்தைக்காரர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு சாதாரண உழைப்பாளியின் பெயரும் இருந்தது: லியோனல் ஸ்கலோனி. 25 ஆண்டுகள் கழித்து 2022-ல், கத்தாரில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது அந்த ஸ்கலோனிதான் தலைமைப் பயிற்சியாளர். பக்கத்தில் உதவியாளர்களாக உட்கார்ந்திருந்தவர்களில் ஐமாரும் வால்டர் சாமுவேலும் உண்டு. மூவரும் அதே 1997 அணி. பெக்கெர்மன் அந்தப் பிள்ளைகளிடம் விதைத்தது ஒரு தலைமுறை தாண்டி, பயிற்சியாளர்களாக முளைத்தது.

இதே ஸ்கலோனி 2018 ஆகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா அருகே நடந்த இளையோர் போட்டியொன்றில் அர்ஜென்டினாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே அவர்களை 2-1 என்று தோற்கடித்தது யார் தெரியுமா? இந்தியா. இரண்டாம் பாதியில் பத்துப் பேராகக் குறைந்த பின்பும் விட்டுக்கொடுக்காத இந்தியா. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அர்ஜென்டினா அந்தத் தோல்விக்காக யாரையும் தூக்கி எறியவில்லை. அந்தப் போட்டியின் கோப்பையையும் அவர்களே வென்றார்கள். ஒரு நாள் ஆட்டத்தில் நம் பிள்ளைகள் அவர்களுக்கு நிகர் என்பது அன்று தெரிந்தது. மீதி நாட்களில்தான் வித்தியாசம்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன்: சல்மா பரலுவேலோ. ஸ்பெயினுக்காக 2018-ல் 17 வயதுக்குட்பட்டோர், 2022-ல் 20 வயதுக்குட்பட்டோர், 2023-ல் மூத்தோர் என மூன்று உலகக் கோப்பைகளையும் வென்றவர். கால்பந்தோடு தடகளத்திலும் ஓடிக்கொண்டிருந்தவர். எட்டு வயதிலேயே ‘கால்பந்து மட்டும்’ என்று பிள்ளையைப் பூட்டிவைக்காதீர்கள். உடல் விறுவிறுவென்று உயரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே வலி என்று பிள்ளை சொன்னால் அது சோம்பல் அல்ல. எலும்பின் வளரும் பகுதியைத் தசைநார் இழுக்கிறது. ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்றுவரை பந்தை அழகாக நிறுத்திய கால் இன்று தடுமாறினாலும் திட்டாதீர்கள். கால் நீண்டுவிட்டது, புதிய நீளம் பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. நாம் நீக்கும் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை. பின்னாளில் இங்கிலாந்து அணியின் தலைவரான ஹாரி கேனைச் சிறுவயதிலேயே ஆர்சனல் கிளப் விடுவித்தது. கிரீஸ்மன் குள்ளம் என்று பிரான்ஸ் நாட்டு கிளப்புகள் கைவிட்டதால் ஸ்பெயினுக்குப் போனார். கான்டே பிரான்ஸின் எந்த இளையோர் தேசிய அணியிலும் ஆடியதில்லை. கிரீஸ்மனும் கான்டேயும் 2018-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை இறுதியில் களமிறங்கினார்கள். அவர்களுக்கு வேறு ஒரு கதவு திறந்திருந்தது. எல்லோருக்கும் அப்படித் திறப்பதில்லை. சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுகிற வழக்கத்தை நாம் விட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து, எதில் நன்றாக இருக்கிறான், எதற்காக இப்போது இல்லை என்று முகம் பார்த்துச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நான் ‘வேண்டாம்’ என்று எழுதிய அந்தப் பையனை நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னான். என்னைவிட உயரமாக இருந்தான். தோள் அகன்றிருந்தது. “இன்னும் ஆடுகிறாயா தம்பி?” என்று கேட்டேன். “இல்லை சார், அன்றோடு விட்டுவிட்டேன்” என்று சிரித்தபடி சொன்னான். அவன் பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அதன்பிறகு வாங்கிய குறிப்பேடுகளில் நான் கோடுபோட்டு மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறேன். பிறந்த மாதம். இன்றைய உயரம். மறுபடி பார்க்க வேண்டிய தேதி. இன்று காலை தேர்வுக்கு வந்த 40 பிள்ளைகளில் 11 பேருக்கு மூன்றாவது கட்டத்தில், ஆறு மாதம் தள்ளி ஒரு நாளைக் குறித்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். உங்கள் தேதியைச் சொல்கிறேன்.