நாரி வலி காலுக்கு இறங்கினால் இரத்தக் குழாயையும் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. கல்லடிப் பாலத்தடியில் நின்று பேசுகிறேன், காற்று கொஞ்சம் இரையும். கொலஸ்ட்ரோலுக்கும் சயாட்டிகாவுக்கும், அதாவது நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும், சம்பந்தம் இருக்கா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

இருக்கக்கூடும். டிஸ்க் தேய்ந்து பிதுங்கி நரம்பை அழுத்தினால் சயாட்டிகா வரும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குக்கு, வளர்ந்தவர்களில் சொந்த இரத்தக் குழாய் இல்லை என்றே சொல்லலாம். பக்கத்து எலும்பிலிருந்து சத்து ஊறி வந்தால்தான் உண்டு. அந்த எலும்புக்கு இரத்தம் கொடுப்பது வயிற்றுப் பெருநாடி என்ற பெரிய இரத்தக் குழாயின் சிறு கிளைகள். பெருநாடிச் சுவரில் கொழுப்புப் படிந்தால் அந்தக் கிளைகளின் வாய் ஒடுங்கும். பின்லாந்து ஆய்வாளர் லீனா கௌப்பிலா 1997இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புப் படிவின் அடையாளமாகப் பெருநாடியில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு டிஸ்க் தேய்வு கூடுதலாக இருந்தது. ஆனால் ஒன்று, கொலஸ்ட்ரோல் குளிசை போட்டால் சயாட்டிகா மாறும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. காலில் நாடி, அதாவது இரத்தக் குழாய், அடைத்து வரும் வலியையும் நம் ஆட்கள் 'நரம்பு இழுக்குது' என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

சைக்கிளை வைத்தே ஓரளவு பிரித்தறியலாம். முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகும் குழாய் ஒடுங்கியவருக்கு நடந்தால் கால் உளையும், குனிந்து சைக்கிள் மிதித்தால் பெரும்பாலும் சுகமாக இருக்கும். நாடி அடைத்தவருக்கு மிதித்தாலும் கெண்டைக்கால் பிடிக்கும், சும்மா நின்றாலே சில நிமிடத்தில் விட்டுவிடும். முதலாமவர் குந்தினால்தான், குனிந்தால்தான் ஆறுவார்.

அப்புறம், புறங்காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே விரலை மெல்ல வைத்துத் துடிப்பைப் பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே தட்டுப்படாது, உட்கணுக்காலுக்குப் பின்னாலும் தேடுங்கள். இரண்டு இடத்திலும் இல்லை, அல்லது பாதம் குளிர்ந்திருக்கிறது, அல்லது புண் ஆறவில்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் நாடி அடைப்பு. சீனி வருத்தக்காரருக்கு நாடி இறுகி அந்தக் கணக்குப் பிழைக்கவும் கூடும், அதையும் சொல்லிவிடுங்கள். சிகரெட், பீடி பிடிக்கிறவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள், அது நாடிக்கும் டிஸ்க்குக்கும் சேர்த்தே கேடு.

தொடையிடுக்கு உணர்வில்லாமல் விறைத்து, சிறுநீர் போகாமல் நின்றால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.