ஆடி பிறந்தாச்சு: நவராத்திரி வரைக்கும் நம்ம கடற்கரைப் பக்கம் எங்கே, என்ன?

வணக்கம் மக்களே. ஆடி பிறந்துவிட்டது. இன்றிலிருந்து நவராத்திரி முடிகிற வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எங்கே நாடகம், எங்கே கும்மி, எங்கே பந்தயம் என்று இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கும், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு வரப்போகிறவர்களுக்கும், மதுரைப் பக்கமிருந்து ஒரு ராத்திரி வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நம்ம ஊரில் சினிமாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நிறைய இருக்கிறது. ஆனால் எதற்கும் ஆன்லைன் டிக்கெட் கிடையாது. விளம்பரம் எல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் டீக்கடைத் தூணிலும்தான். செலவை ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஏற்றுக்கொள்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதோ, இந்த நோட்டீஸைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு கடற்கரைக் கிராமத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு அடித்தது. வள்ளி திருமணம் நாடகம். வரிசையாக போட்டோ போட்டிருக்கிறார்கள் பாருங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ். அதற்குக் கீழே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்கிற பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கிற பக்கவாத்தியம். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் ஊர். ஒருத்தர் மதுரை, ஒருத்தர் புதுக்கோட்டை, ஒருத்தர் காரைக்குடி. இதில்தான் விஷயமே இருக்கிறது. இவர்கள் ஒரே குழு கிடையாது. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்கிறோமே, அது இதுதான். ஊர்க் கமிட்டி ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்தும். அவர்கள் அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கினால் விடியற்காலையில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் நடக்கிற வரைக்கும் எல்லாம் அங்கேயே உருவாகும்.

இந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதி ஒழுங்குபடுத்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அமைத்த கதையை வைத்துக்கொண்டு இன்றைக்கும் நம்ம ஊர் மேடையில் ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள்.

இதில் என் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் பபூன் வருவார், பிறகு டான்ஸ். அந்த நேரம் கூட்டம் நிற்க இடம் இல்லாமல் இருக்கும். விசில் பறக்கும், செல்போன் எல்லாம் மேலே தூக்கியிருக்கும். அது முடிந்து ஒரு மணி தாண்டியதும் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாடகத்தின் உயிர் அதற்கு அப்புறம்தான் வருகிறது. வள்ளி தினைப்புனம் காக்க வருவாள். நாரதர் வந்து அவளிடம் தர்க்கம் பண்ணுவார். புராணத்திலிருந்து ஒரு கேள்வி வரும், அதற்குப் பாட்டிலேயே பதில் வரும், பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். இன்றைக்கு அவர் என்ன கேட்பார் என்று வள்ளியாக நிற்கிற அந்த அம்மாவுக்கு முன்கூட்டித் தெரியாது. நின்ற இடத்தில் யோசித்து, சுருதி விலகாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஆர்மோனியக்காரரின் முகத்தைப் பாருங்கள். பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறாரோ அங்கே பின்பாட்டு எடுத்துக் கொடுப்பார். பாட்டு எங்கே திரும்பினாலும் கை அந்தக் கட்டைக்குப் போய்விடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு, ஐம்பது பேர்கூட இல்லாத களத்தில், அந்த அம்மா முழுக்குரலில் பாடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். அவ்வளவு பெரிய வித்தை அது. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், தர்க்கம் முடிகிற வரைக்கும் இருங்கள். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள். ஒரு பாய், ஒரு போர்வை கொண்டுவாருங்கள், கடல் காற்று விடியற்காலையில் குளிரும். சுக்குமல்லிக் காபி சைக்கிளில் வரும். பெண்கள் பக்கம் தனியாக இடம் விட்டிருப்பார்கள், குடும்பத்தோடு தாராளமாக வரலாம்.

சரி, அடுத்தது முளைப்பாரி. நம்ம மாவட்டத்தில் முளைக்கொட்டு, அதாவது முளைப்பாரித் திருவிழா இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடி, ஆவணியில் ஊர் ஊராக நடக்கும். வெளியூர்க்காரர்கள் கடைசி நாள் ஊர்வலத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய ராத்திரிகளில் வாருங்கள். கண்மாய் மண்ணும் ஆட்டு எருவும் போட்ட ஓட்டில் பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை என்று விதைத்து, வெயில் படாத அறைக்குள் வைத்திருப்பார்கள். வெளிச்சம் படாததால் பயிர் பச்சையாக இருக்காது, வெளிர் மஞ்சளாக நீண்டு வளரும். வெளியே பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். விதை போட்ட கதை, முளை விட்ட கதை, இலை விட்ட கதை என்று பயிர் வளர வளரப் பாட்டும் வளரும். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் வயதான அப்பத்தாவாக இருப்பார். எழுதி வைத்தது எதுவும் கிடையாது, எல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பத்தா இருந்தால் இந்த ஆடியிலேயே உட்கார வைத்து ரெக்கார்ட் பண்ணிவிடுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

கடைசி நாள் அதைத் தலையில் சுமந்து, குலவை போட்டு, கண்மாயிலோ கடலிலோ கரைப்பார்கள். வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: முளை வைத்திருக்கிற அறைக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். விரதம் இருந்து காக்கிற இடம் அது.

தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாக்களை ஒட்டி பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். நம்ம கடற்கரையில் நான் பார்த்ததிலேயே மிக அழகான போட்டி இது. வத்தை என்று நம்ம பக்கம் சொல்கிற நாட்டுப் படகில் இன்ஜின் இல்லாமல், பாயை மட்டும் நம்பிப் போக வேண்டும். கரையிலிருந்து கிளம்பி, கடலுக்குள் போட்டிருக்கிற மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இப்போது சோளகம் என்கிற தெற்குக் காற்று அடிக்கிற காலம். காற்று ஏறும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். சாயாமல் பிடிக்க, படகுக்குக் குறுக்கே போட்ட பலகையின் நுனிக்கு ஆட்கள் ஏறிப் போய்த் தண்ணீருக்கு மேலே தொங்குவார்கள். காற்று கொஞ்சம் இறங்கினாலும் உடனே உள்ளே ஓடி வர வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் கவிழ்ந்துவிடும். மிதவையைத் திருப்புகிற இடம்தான் உச்சம். அங்கே பாயைத் திருப்புவதில் ஒரு நொடி பிந்தினால் முன்னால் வந்த படகு பின்னால் போய்விடும். கரையில் நிற்கிற பெரியவர்கள் படகைப் பார்க்கிறதற்கு முன்னாடி தண்ணீர் மேல் காற்று ஓடுகிற கருப்பு வரியைப் பார்த்து "இவன்தான் முதலில் வருவான்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், போட்டி இரண்டு மடங்கு புரியும். மோட்டார் போட்டில் போய்க் குறுக்கே வீடியோ எடுக்க வேண்டாம். அந்த அலையே பாய்ப்படகுக்குத் தடங்கல்.

இன்னொரு சேதி. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் இருந்தது, அது முடிந்துவிட்டது. இப்போது ஆட்கள் கடலுக்குப் போகிற காலம். ஆனால் ஊர்த் திருவிழா நாளில் தொழிலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைப்பார்கள். படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தால் அந்த ஊரில் விசேஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாட்டுவண்டிப் பந்தயம் சாயல்குடி, கடலாடி, திருவாடானைப் பக்கம் நடக்கும். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக விடுவார்கள். காலையிலேயே முடிந்துவிடும், அதனால் சீக்கிரம் போக வேண்டும். வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் துரத்துகிறவர்களால் மாடும் மனிதரும் அடிபடுகிறார்கள். ரோட்டோரம் நின்று பார்த்தாலே போதும்.

ராமேஸ்வரத்தில் ஆடித் திருக்கல்யாணத் திருவிழா 17 நாள். கொடியேற்றம், தேரோட்டம், தபசு, மாலை மாற்று, திருக்கல்யாணம் என்று வரிசையாக வரும். ஆடி அமாவாசை அன்று தீர்த்தமாட வருகிற கூட்டத்தில் நகர முடியாது. இசைக்காகப் போகிறவர்கள் அந்த ஒரு நாளை விட்டுவிட்டு, ராத்திரி சுவாமி புறப்பாட்டுக்குப் போங்கள். அந்த நீளமான பிரகாரத்துக்குள் நாதஸ்வரம் வாசித்தால் அது தூண் தூணாகத் தட்டிக்கொண்டு வரும். எந்த சபாவிலும் அந்தச் சத்தம் கிடைக்காது.

அதே தீவில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில், அதாவது புனித யாக்கோபு தேவாலயத் திருவிழா, ஜூலை 25. முந்தின ராத்திரி தேர்பவனி, பேண்டு வாத்தியம், குதிரை மேல் சந்தியாகப்பர். இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லா வீட்டிலிருந்தும் வருவார்கள். மூக்கையூரிலும் அதே நாளில் சந்தியாகப்பர் திருவிழாதான். இரண்டு நாள் கழித்து, ஜூலை 27, கலாம் ஐயா நினைவு நாள். பேய்க்கரும்பு மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழா இந்த வருஷத்துக்கு முடிந்துவிட்டது. அடுத்ததற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.

ரயிலில் வருகிறவர்களுக்கு: 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தாகிவிட்டது, மறுபடியும் நேராக ராமேஸ்வரத்திலேயே இறங்கலாம்.

கடைசியாக நவராத்திரி. ராமநாதபுரம் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் நவராத்திரி, இந்தச் சமஸ்தானத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்துப் பழமை. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் இந்த சமஸ்தானத்து வித்வான். 1860-இல் பிறந்து 1919 வரைக்கும் வாழ்ந்தவர். அவருடைய சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பாடி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று இன்றைக்குச் சென்னையில் மார்கழி முழுக்கக் கேட்கிற கச்சேரி முறையை அமைத்தவர் அந்த அரியக்குடிதான். அவருக்குக் குரு நம்ம சமஸ்தானத்தில் இருந்தார் என்பது இங்கே காலேஜ் படிக்கிற பிள்ளைகள் பல பேருக்குத் தெரியவில்லை. எனக்கு அது வருத்தம்.

நவராத்திரிக்குப் போகும்போது கொஞ்சம் முன்கூட்டியே, பகலிலேயே போய் அரண்மனைக்குள் இருக்கிற ராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிடுங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். ராமாயணம், போர்க்களம், ஐரோப்பியர்களைச் சந்திக்கிற சேதுபதி என்று சுவர் முழுக்க இருக்கிறது. ஆடல் பாடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அரண்மனைக் காட்சிகளும் அதில் உண்டு. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், வண்ணம் ஏற்கெனவே பல இடத்தில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. விஜயதசமி அன்று அம்மன் மகர்நோன்புப் பொட்டல் என்கிற திடலுக்கு வந்து அம்பு விடுகிற நிகழ்ச்சியையும் தவற விடாதீர்கள்.

உங்கள் ஊர் நாடக நோட்டீஸ், படகுப் போட்டி நோட்டீஸ் எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பட்டியலாகப் போடுகிறேன். தேதி, ஊர், போகிற வழி, கடைசி பஸ் நேரம் இந்த நான்கும் இருந்தால் போதும். கலைஞர்களின் பெயரை நோட்டீஸில் இருக்கிறபடியே, ஒன்று விடாமல் படிப்பேன், ஆல்ரவுண்ட் வாசிப்பவர் உட்பட. இந்த நோட்டீஸில் இருக்கிற நாடகம் வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் ஆர்மோனியப் பக்கம், முன்வரிசையில் பாய் போட்டிருப்பேன். வந்தால் பக்கத்தில் உட்காருங்கள்.