பால்மரத்துக்கு நரம்பு கிடையாது

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறை என்றால் அம்மாவோடு நிரைக்கு, அதாவது அவர் பால் வெட்டும் மரவரிசைக்குப் போவேன். விடிவதற்கு முன்பே, நெற்றியில் விளக்கு, கையில் உளி. ஒருநாள் கேட்டேன்: "தினமும் வெட்டுறீங்களே, மரத்துக்கு வலிக்காதாம்மா?" அம்மா நிமிரவே இல்லை. "வலிச்சா கத்தாதா? பால் புடிக்கிற மங்கைத் தொடச்சு வை" என்றார்.

அன்றைக்கே என் காலில் முள் ஏறியது. வலி தெரியுமுன்பே கால் மேலே வந்துவிட்டது. முதலில் சுரீர் என்றது. கொஞ்சம் பொறுத்து விண்விண் என்று தெறித்தது. முப்பது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்த பிறகும் நரம்பு என்றால் எனக்கு அந்த முள்தான் ஞாபகம் வருகிறது.

சும்மா இருக்கும் நரம்பணுவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் உள்ளே பாய்ந்து அந்த இடம் நேர்மின்னாகும். உடனே பொட்டாசியம் வெளியேறிச் சரிக்கட்டும். அதற்குள் பக்கத்து இடம் பற்றிக்கொள்ளும். கம்பியில் ஓடும் கரண்டைவிடத் தீபாவளிச் சரவெடிதான் இதற்குப் பொருத்தம். என்ன, வெடித்த வெடி மறுபடி வெடிக்காது, நரம்பு வெடிக்கும். கொழுப்புறை போர்த்திய தடித்த நரம்பில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய நரம்பில் 1 மீட்டர் அளவுதான். சுரீர் வந்தது உறையுள்ள வழியில், விண்விண் வந்தது உறையில்லாத வழியில்.

சரி, சரவெடி நரம்பின் நுனிக்கு வந்துவிட்டது. அடுத்தது தசை. நடுவில் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் இடைவெளி. அதை மின்சாரம் தாண்டுவதில்லை, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தாண்டுகிறது. நரம்பு இப்படி வேதிப்பொருள் மூலம் பேசும் என்று 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார்; அது நனைந்திருந்த நீரை மற்றதன்மேல் விட்டார்; அதுவும் மெதுவானது.

சொல்லி முடித்த செய்தியை அழிக்க அங்கேயே ஒரு நொதியும் இருக்கிறது. அந்த நொதியைத்தான் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் முடக்குகின்றன. 'இழு' என்ற கட்டளை அழியாமல் அங்கேயே நிற்கும். தசை துடிக்கும், எச்சில் வடியும், கண்பாவை சுருங்கும், மூச்சு முட்டும்.

செம்பனை ஓலையைத் தின்னும் ஒரு புழு உண்டு, சிறு பைக்குள் இருந்தபடி அதைச் சுமந்து திரிவது. அதற்கு மரத்தில் துளை போட்டு இந்த வகை மருந்தை உள்ளே செலுத்துவார்கள். மருந்து மரம் முழுக்க ஏறும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஓலையைத் தின்ற புழு செத்துவிழும். புழுவுக்கு நரம்பு இருக்கிறது, மரத்துக்கு இல்லை, அவ்வளவுதான். மருந்து ஊற்றுகிறவருக்கும் நரம்பு இருக்கிறது. எங்கள் லயத்தில் பூச்சிமருந்து வேலைக்குப் போன ஓர் அக்காவுக்குச் சாயங்காலம் கை நடுங்கி எச்சில் வடிந்தபோது, வெயிலில் நின்ற சூடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நரம்பில்லாத மரம் நோய் வந்தால் என்ன செய்யும்? ஓடவும் முடியாது. இலைக்குள் பூஞ்சை நுழைந்ததை அடையாளம் கண்டால், சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்து, எதிரியைப் பட்டினி போடும். அப்புறம் சாலிசிலிக் அமிலம் போன்ற பொருள்கள் வழியே மற்ற இலைகளும் உஷாராகும். அதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். (தொட்டாற்சிணுங்கி மட்டும் அவசரக்காரி. நரம்பில்லாமலே வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மின்செய்தி அனுப்பி இலையை மூடிக்கொள்கிறது.)

எதிரியை அடையாளம் காணும் திறமை பரம்பரையாக வருவது. இங்கேதான் நமக்குச் சங்கடம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகமாக நட்டவை எல்லாம் ஒரே தாய்மரத்து மொட்டை ஒட்டுக்கட்டிய கன்றுகள். ஆயிரம் ஏக்கர் இருந்தாலும் பரம்பரைக் கணக்கில் ஒரே மரம். அதை ஏமாற்றத் தெரிந்த பூஞ்சை தோட்டத்தையே ஏமாற்றும். பிரேசிலில் ஹென்ரி ஃபோர்டு 1928இல் தொடங்கிய ரப்பர் தோட்டத்தைத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் மொட்டையடித்தது; 1945இல் அந்த நிலத்தை விட்டுப் போனார்கள். 1877இல் நம் கோலகங்சாருக்குக் கன்றுகள் வந்தபோது அந்தப் பூஞ்சை அவற்றோடு வரவில்லை. நம் மரங்கள் பிழைத்தது பலத்தால் இல்லை, நடுவில் கடல் இருந்ததால்.

கடைசியாக, பால். பட்டையை வெட்டியதும் பால் குழாய்களுக்குள் நுண்ணிய பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து வரும் ஹெவின் என்ற புரதம் ரப்பர் துகள்களை ஒட்டவைத்து வாயை அடைக்கிறது. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினையும் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் நின்று, வெட்டுவாயில் காய்ந்து ஒட்டுப்பால் ஆகும்.

போன வாரம் இதை அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாளும் உளி வைப்பதற்கு முன் அவர் முதலில் உரித்துக் கூடையில் போட்டது முந்தின நாளின் அந்த ஒட்டுப்பாலைத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நான் தினமும் அது கட்டுன கட்டைத்தான் பிரிச்சுக்கிட்டு இருந்தேனா?" என்றார்.