தேதிகளின் ஓவியர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் கரியா என்னும் ஊரில் 1932-ஆம் ஆண்டு பிறந்து, பிற்பாடு நியூயார்க்கில் குடியேறிய ஓவியர் ஓன் கவாரா. அவர் பேட்டி கொடுக்க மறுத்தார். தம் புகைப்படம் வெளிவர இசையவில்லை. தம் கண்காட்சிகளின் திறப்பு விழாவுக்குக்கூடப் போவதில்லை. கண்காட்சி நூல்களில் வாழ்க்கைக் குறிப்புக்குரிய இடத்தில், அன்றுவரை அவர் வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். இதனாலேயே அவரை ஒளிந்து வாழ்ந்தவர் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1966 ஜனவரி 4 அன்று 'இன்று' என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கினார். அதில் அவர் வரைந்தது, ஓவியம் தீட்டும் நாளின் தேதியை மட்டும்தான். துணியின் மேல் ஒரே நிறத்தை நாலைந்து முறை பூசி, காயவிட்டு, அச்சுத்தகடு எதுவும் வைக்காமல் வெள்ளை எழுத்துகளைத் தூரிகையால் கையாலேயே எழுதுவார். எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு அது அச்சடித்தது போலத்தான் தோன்றும். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அந்த ஓவியத்தை அழித்துவிடுவார். முடிந்ததை, தாமே செய்த அட்டைப்பெட்டியில் வைப்பார். பல பெட்டிகளின் உள்ளே அன்றைய உள்ளூர்ச் செய்தித்தாளின் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில், மூவாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் இவற்றை வரைந்திருக்கிறார். மனிதன் நிலவில் கால் வைத்த நாளுக்குப் பெரிய துணியை எடுத்துக்கொண்டார் என்பதை அறியும்போது, உணர்ச்சியே இல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட இந்த ஓவியங்களுக்குள் எவ்வளவு வியப்பு அடங்கியிருக்கிறது என்று நெகிழ்ந்துபோகிறேன்.

1968 முதல் 1979 வரை, நாள்தோறும் இரண்டு அஞ்சலட்டைகளை அறிமுகமானவர்களுக்கு அனுப்பிவந்தார். ஒருபக்கம் அந்த ஊரின் காட்சிப் படம். மறுபக்கம், அன்று தாம் எத்தனை மணிக்கு எழுந்தார் என்னும் ஒற்றை வரி, ரப்பர் முத்திரையால் குத்தப்பட்டிருக்கும். 1970-ஆம் ஆண்டிலிருந்து தந்திகளும் அனுப்பினார். தந்தி வந்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வயிறு கலங்கிய காலம் அது. அவருடைய தந்தியைப் பிரித்தவர்கள் கண்டதோ, 'நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி. இப்படி அன்றாடம் தம் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே இருந்தவரை ஒளிந்தவர் என்று எப்படிச் சொல்வது? தம் முகத்தையும் குரலையும் விலக்கி வைத்தாரே தவிர, தம் நாட்களை அவர் மறைக்கவில்லை.

'பத்து லட்சம் ஆண்டுகள்' என்னும் அவருடைய படைப்பு, கடந்துபோன பத்து லட்சம் ஆண்டுகளையும் வரவிருக்கும் பத்து லட்சம் ஆண்டுகளையும் எண்களாகத் தட்டச்சு செய்த தொகுதிகளைக் கொண்டது. கடந்த காலத் தொகுதி, வாழ்ந்து மறைந்த அனைவருக்கும் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், ஆணும் பெண்ணுமாக இணைந்து, ஏழு நாள் இரவு பகலாக அந்த ஆண்டுகளை மாறி மாறி வாசித்தார்கள்.

2014-ஆம் ஆண்டு ஓன் கவாரா நியூயார்க்கில் காலமானார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இப்போது நிற்கும் எண் 29,771.