யார் வீட்டுச் சர்க்கரை?

(சேலம் அம்மாப்பேட்டையில் நெசவாளர் குடும்பத்தினர் கூடிய அரங்கில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் சுவரோரம் சாய்ந்து நிற்கும் கணவன்மார்களே! உங்களுக்கும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள்.

ஒரு நாள் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஊரையும் தெருவையும் மாற்றித்தான் சொல்வேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு வந்தாள். வளைகாப்பு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ரத்தம் எடுப்பதற்காக மேலே தள்ளிவிட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கையருகே அப்படியே நின்றன. சர்க்கரை 168. சீட்டைப் பார்த்த மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இது கிடையாது. உன் அம்மா வீட்டுச் சர்க்கரை" என்றார். அந்தப் பெண் வளையல்களைக் கீழே இறக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

யார் வீட்டுச் சர்க்கரை? அந்த மாமியாரின் பேச்சுக்கே இன்று பதில் தேடுவோம்.

ஏற்காடு பஸ்ஸில் போயிருப்பீர்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வரை எந்த வண்டியும் சும்மா பறக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும்தான் எந்த எஞ்சினுக்கு எவ்வளவு இழுவை என்று தெரியும். கர்ப்பத்தின் பின்பாதி அந்த மலைப்பாதைதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைத் தாயின் உடலில் எளிதில் வேலை செய்ய விடாது. குழந்தைக்குச் சர்க்கரை தட்டுப்பாடு இல்லாமல் போய்ச் சேர இயற்கை செய்த ஏற்பாடு அது. ஈடுகட்ட, கணையம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சுரந்துவிடுகிறது. சிலருக்கு முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதில்தான் மரபணு வருகிறது.

2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொன்னார்கள். பெயர் லாரி நம்பர் மாதிரி இருக்கிறது, மன்னியுங்கள். அதன் ஒரு வகை, கணையம் இன்சுலின் சுரப்பதை மந்தமாக்குகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அது வந்திருந்தால், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இரண்டு மடங்குக்கும் மேல். எம்டிஎன்ஆர்1பி என்று இன்னொன்று, இரவில் தூக்கத்துக்காகச் சுரக்கும் மெலடோனினோடு சம்பந்தப்பட்டது. கர்ப்பகாலச் சர்க்கரையோடு இந்த இரண்டின் தொடர்பும் பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இவை போல இன்னும் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. எல்லாம் கூடித்தான் குழம்பில் உப்பு ஏறுகிறது. எந்தச் சிட்டிகை யார் வீட்டு டப்பாவிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல, அந்தப் பெண்ணின் அம்மாவை மட்டும் பார்த்தால் போதாது. அப்பா இருக்கிறார், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அதிலும் நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டுகிறோம். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பாட்டி! அந்தச் சர்க்கரையை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவீர்கள்?

இப்போது சுவரோரம் நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது குழந்தையின் உறுப்பு. கருவிலிருந்து வளர்வது. அதனால் அதன் மரபணுவில் பாதி தகப்பனுடையது. மேட்டை ஏற்றுகிற அந்த ஹார்மோன்களைச் சுரப்பது மாமியார் வீட்டு மரபணுவும் சேர்ந்து கட்டிய உறுப்பு என்று ஆகிறது. நான் இதைச் சொன்னபோது அந்த மாமியார் என்னை நம்பவில்லை. உங்கள் முகங்களைப் பார்த்தால் நீங்களும் நம்பியதாகத் தெரியவில்லை.

சரி, இன்னொன்று. குளுக்கோகைனேஸ் என்ற மரபணுவில் பழுது உள்ள சிலருக்குப் பிறந்ததிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பெரிய தொந்தரவு தராது. பலருக்குக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவரும். இந்தத் தாயின் குழந்தைக்கு அதே பழுது வந்திருந்தால், அதன் கணையம் அந்தச் சர்க்கரையைச் சாதாரணம் என்றே எடுத்துக்கொள்ளும், எடை சரியாக இருக்கும். பழுது வராத குழந்தையோ, அம்மாவின் சர்க்கரைக்கு எதிராக இன்சுலினைக் கொட்டி, அரைக் கிலோ அளவுக்குக் கூடுதலாகக் கொழுத்துப் பிறக்கும். அம்மா ஒருத்திதான், சர்க்கரையும் ஒரே அளவுதான். பிள்ளையின் கையில் இருக்கும் சீட்டைப் பொறுத்து ஆட்டம் மாறுகிறது. முப்பது வருடத் தொழிலுக்குப் பிறகும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

மரபணுவோடு கதை முடிவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் உண்டு. அவர்களிடம் ஒரே வீட்டுச் சகோதர சகோதரிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. அப்பாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அப்படி வித்தியாசம் இல்லை. ஒரே வீடு, ஒரே வம்சம், ஒரே சாப்பாடு. கருப்பையில் இருந்த ஒன்பது மாதம்தான் வேறு. மரபணு என்ற பாவு நூலை மாற்ற நமக்கு வழியில்லை. கர்ப்பகாலம் என்ற ஊடை நூல் இன்னும் தறியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தறி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

'அப்படியானால் மரபணுப் பரிசோதனை செய்யலாமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். குளுக்கோகைனேஸ் போல ஒற்றை மரபணுக் கோளாறு என்று மருத்துவர் சந்தேகித்தால் ஒழிய, அந்தப் பணத்தில் வெண்பட்டு வாங்குங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம் என்ற இந்த முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறோம். சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு இருபது வளைவு இறங்கி வரும் கர்ப்பிணியை ஒருமுறை பார்த்தால் இந்த முறையின் அருமை புரியும். பாதி வழியிலேயே வாந்தி எடுத்திருப்பாள்.

பரிசோதனையை முதல் வருகையிலேயே செய்ய வேண்டும். சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி. நம் வளைகாப்பும் அதை ஒட்டியே வருகிறது! சர்க்கரைப் பொங்கலும் ஜவ்வரிசிப் பாயசமும் ஏறும் மேட்டிலேயே வந்து நிற்கின்றன. ஆலைக்காரர்கள் யாராவது இருந்தால் கோபிக்க வேண்டாம், ஜவ்வரிசி ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்துதான். வளையல் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

பிரசவம் ஆனதும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். பஸ் சமவெளிக்கு வந்துவிட்டது, எஞ்சின் பழைய எஞ்சின்தான். அதனால் ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பிறகு வருடாவருடம். குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போட ஒருவர் தவறாமல் வருகிறீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க ஒருவரும் வருவதில்லை. அதே நாளில், அதே ஆட்டோவில், காலையில் சாப்பிடாமல் வந்தால் இரண்டு வேலையும் முடியும்.

வளையல் அணிந்து வந்த அந்தப் பெண் அப்படித்தான் வந்தாள். உணவைத் திருத்தியதிலேயே சர்க்கரை கட்டுப்பட்டு, மூன்று கிலோவில் ஒரு பெண் குழந்தை. ரத்தம் கொடுக்கும்போது குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார், சற்று யோசித்து, தன் கையையும் நீட்டினார். வந்த எண்ணை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சீட்டைப் பார்த்துவிட்டு, மருமகள் குழந்தையோடு வெளியே போகும்வரை காத்திருந்து, என்னிடம் குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"இதைச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்."